ஹம்பிக்கு இரண்டு நாள்: வெயிலுக்கேற்ற ஒரு பயணத் திட்டம்

ஹம்பிக்குச் செல்பவர்களில் பலர் காலை 10 மணிக்கு ஹொசபேட்டையில் ஆட்டோ ஏறி, ஓட்டுநர் காட்டும் இருபது இடங்களிலும் இறங்கி ஏறி, மாலையில் களைத்துப்போய் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் கல்தேரும் வெயிலும்தான் நினைவில் இருக்கும். இது அவர்களுடைய குற்றமன்று. ஒரு கோயிலைப் பார்க்கும் கணக்கில் ஒரு தலைநகரத்தைப் பார்க்கப் போனதால் வரும் வினை. 1336 முதல் 1565 வரை தென்னிந்தியாவின் பெரும்பகுதியை ஆண்ட விஜயநகரப் பேரரசின் தலைநகரம் இது. யுனெஸ்கோ 1986-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த பகுதி மட்டுமே 41 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. இதை முழுவதும் பார்க்க ஒரு வாரமும் போதாது. இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், எதைப் பார்ப்பது என்பதைவிட எதை எந்த வேளையில் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு நகரத்தின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். வடக்கே துங்கபத்திரை ஓடுகிறது. அதன் தென்கரையை ஒட்டி விருபாட்சர், அச்சுதராயர், விட்டலர் ஆகிய பெருங்கோயில்களும் அவற்றின் முன்னே நீளும் கடைத்தெருக்களும் உள்ளன. அங்கிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தெற்கே, கமலாபுரத்துக்கு அருகில், அரசர்கள் வாழ்ந்த பகுதி உள்ளது. இரண்டுக்கும் நடுவே வாழையும் நெல்லும் விளையும் பள்ளத்தாக்கு கிடக்கிறது. இந்த வயல்களுக்கு நீர் கொண்டுவரும் துர்த்தா கால்வாய் விஜயநகரக் காலத்தில் வெட்டப்பட்டது, இன்றும் ஓடுகிறது. இடிந்த நகரம் என்று எல்லோரும் பேசும் இடத்தில் அரசர் கட்டிய ஒன்று இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பது, வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடும் செய்தி. ஆற்றங்கரைப் பகுதிக்கு ஒரு நாள், அரசர் பகுதிக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

எப்போது போவது, எங்கே தங்குவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே உகந்தவை. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். அதைவிடக் கொடுமை, ஊரைச் சூழ்ந்துள்ள கருங்கற் பாறைகள் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு மாலையில் அதை வெளியே விடுவதால் பொழுது சாய்ந்த பின்னும் புழுக்கம் தணியாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊர் பச்சைப்பசேல் என்றிருக்கும். ஆனால் ஹொசபேட்டைக்கு அருகிலுள்ள துங்கபத்திரை அணையிலிருந்து உபரி நீரைத் திறந்துவிடும் நாட்களில் ஆற்றோரப் பாதையும் புரந்தரதாசர் மண்டபமும் நீரில் மூழ்கிவிடும், பரிசலும் படகும் நின்றுவிடும். அக்காலத்தில் செல்பவர்கள் அணையின் நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது. கர்நாடக அரசு நடத்தும் ஹம்பி உற்சவ நாட்களில் இசையும் விளக்கொளியும் சிறப்பாக இருக்கும் என்றாலும் கூட்டம் நெரியும், அறை கிடைப்பது அரிது. இடிபாடுகளை அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களுக்குப் பெங்களூரு வழியே எளிது. அங்கிருந்து இரவில் புறப்படும் ஹம்பி எக்ஸ்பிரஸ் காலையில் ஹொசபேட்டையில் இறக்கிவிடும். சாலை வழியாகவும் பெங்களூரிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில்களில் குண்டக்கல் வரை சென்று, அங்கே வண்டி மாறியும் ஹொசபேட்டையை அடையலாம். ஹொசபேட்டையிலிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர், நகரப் பேருந்தும் ஆட்டோவும் உண்டு.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை நான்கு வாய்ப்புகள் உள்ளன. ஹொசபேட்டையில் எல்லா வசதியும் கிடைக்கும், ஆனால் விடியலில் கிளம்புவது சிரமம். ஹம்பி ஊருக்குள் எளிய வீட்டு விடுதிகள் உள்ளன. விருபாட்சர் கோயிலுக்கு நடந்தே செல்லலாம். அங்கே அசைவமும் மதுவும் கிடையா என்பதை உடன் வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆற்றின் வடகரையில் ஆனெகுந்தி, சானாப்பூர்ப் பக்கங்களிலும் தங்கலாம். ஆனால் வெளிநாட்டுப் பயணிகளால் பெயர்பெற்றிருந்த விருபாபுரகட்டேயின் விடுதிகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2020-இல் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றைப் பரிந்துரைக்கும் பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கிளம்ப வேண்டாம். முதியோரும் குழந்தைகளும் உடன் வருவதாக இருந்தால் கமலாபுரமே என் தேர்வு: அரசர் பகுதி அருகிலேயே உள்ளது, ஹம்பி ஊர் நான்கு கிலோமீட்டர், நண்பகலில் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுத்து எழவும் முடியும். இந்த நண்பகல் ஓய்வு ஆடம்பரமன்று, கீழே சொல்லும் திட்டம் முழுவதும் அதை நம்பித்தான் நிற்கிறது.

முதல் நாள்: அரசர் பகுதி

காலையில் வந்து இறங்கிக் குளித்துச் சிற்றுண்டி முடித்ததும் கமலாபுரத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். ஹம்பியின் மலைகளையும் ஆற்றையும் கோயில்களையும் சிறு அளவில் செய்து முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி ஒரு முறை நடந்தால், அடுத்த இரண்டு நாளும் எங்கே நிற்கிறோம் என்ற தெளிவு வந்துவிடும். பலர் இந்த அருங்காட்சியகத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள், அல்லது பார்ப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாள் முதல் நாளாக அமையாதவாறு பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுச்சீட்டு பற்றி ஒரு சொல். அருங்காட்சியகம், கமல மகால் இருக்கும் அந்தப்புர வளாகம், விட்டலர் கோயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே சீட்டு. ஆனால் வாங்கிய நாளில் மட்டுமே செல்லும். இந்தியருக்கும் இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கும் அது ஏறக்குறைய 40 ரூபாய், பிற வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். நாற்பது ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக மூன்றையும் ஒரே நாளில் திணிப்பதைவிட மறுநாள் இன்னொரு சீட்டு வாங்குவதே மேல். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ அந்நாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் குடும்பங்களுக்கு மட்டும் இக்கணக்கு மாறும். அவர்கள் முதல் நாளில் அருங்காட்சியகத்தை முடித்த கையோடு விட்டலர் கோயிலுக்குப் போய்விட்டு, பிற்பகலில் அந்தப்புர வளாகத்துக்கு வரலாம்.

நண்பகலில் அறைக்குத் திரும்பிவிடுங்கள். அரசர் பகுதி பெரும்பாலும் திறந்தவெளி, அங்கே ஒதுங்குவதற்கு நிழல் அதிகமில்லை. மூன்று மணிக்கு மேல் அந்தப்புர வளாகத்தில் தொடங்குவது சரியாக இருக்கும். கமல மகாலின் வளைவுகளில் இசுலாமியக் கட்டடக் கலையும் அதன் கூரையில் கோயில் விமானத்தின் சாயலும் கலந்திருப்பதைக் காணலாம். சுல்தான்களோடு ஓயாமல் போரிட்ட அரசு, அவர்களுடைய கட்டடக் கலையை விருப்பத்தோடு எடுத்துக்கொண்டது என்பதற்கு இது கண்கூடான சான்று. பெயரை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கமல மகால், ராணி குளியலறை என்பனவெல்லாம் பிற்காலத்தில் வழங்கிய பெயர்கள். அருகிலுள்ள யானைக் கொட்டடியில் வரிசையாக 11 அறைகள் உள்ளன. மேலே உள்ள குவிமாடங்களின் வடிவங்கள் வேறுபடுவதைக் குழந்தைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.

அடுத்து ஹசாரா ராமர் கோயில். அளவில் சிறியது, அரண்மனைப் பகுதியின் நடுவே இருந்த அரச கோயில். வெளிமதிலில் யானை, குதிரை, படைவீரர், ஆடல் மகளிர் என ஊர்வலம் வரிவரியாகச் செல்கிறது. உள்ளே சுவர்களில் இராமாயணம் கட்டம் கட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மண்டபத்தின் உள்ளே நன்கு மெருகேற்றப்பட்ட கருநிறத் தூண்கள் நான்கும் தனித்துத் தெரியும். முக்கால் மணி நேரமாவது இங்கே ஒதுக்குங்கள். ஹம்பியில் ஒரே ஓர் இடத்தில்தான் நின்று நிதானமாகப் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அங்கிருந்து மகாநவமி மேடை நடை தூரம். நவராத்திரி விழாவின்போது அரசர் இங்கே அமர்ந்து படைகளையும் மல்யுத்தத்தையும் ஆடலையும் கண்டதை, கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520-ஐ ஒட்டி, இங்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். இந்த நகரம் ரோமாபுரி அளவுக்குப் பெரியதாகத் தமக்குத் தோன்றியதாகவும் அவர் குறிப்பிட்டார். மேடையின் பக்கவாட்டில் குதிரை வணிகரும் வேட்டைக்காரரும் வேற்று நாட்டவரும் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால், சுற்றிலும் அரண்மனைகளின் கல் அடித்தளங்கள் மட்டும் விரிந்து கிடக்கும். அவற்றின் மேற்கட்டு மரத்தால் ஆனது. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் தக்காணத்துச் சுல்தான்களிடம் விஜயநகரப் படைக்குத் தலைமை தாங்கிய ராமராயர் தோற்றுக் கொல்லப்பட்ட பின், நகரம் சூறையாடப்பட்டபோது மரம் போய்க் கல் நின்றது.

மேடைக்கு அருகிலுள்ள படிக்கட்டுக் குளத்தைத் தவறவிடக் கூடாது. 1980-களின் அகழாய்வில்தான் இது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. ஒவ்வொரு கல்லும் எந்தத் திசையில், எந்த வரிசையில் அமர வேண்டும் என்பதைச் சிற்பிகள் கல்லிலேயே குறித்திருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் அக்குறிகள் தெரியும். வெகு தொலைவிலிருந்து கல் வாய்க்கால் ஒன்று தூண்களின் மேல் ஏறி இங்கே நீர் கொண்டுவந்திருக்கிறது. வறண்ட பாறைக்காட்டில் ஒரு மாநகரத்தை நடத்தியவர்களின் திறமை, தேரைவிட இந்த வாய்க்காலில்தான் எனக்குத் தெரிகிறது. பொழுது சாயும் வரை இந்தப் பகுதியிலேயே இருந்துவிட்டு இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். சுற்றுப்புறப் பாறைக்காடுகளில் கரடியும் சிறுத்தையும் உண்டு.

இரண்டாம் நாள்: ஆற்றங்கரை

நடக்க வல்லவர்கள் விடியலுக்கு முன்னரே மதங்க மலை ஏறலாம். இராமாயணத்துக் கிட்கிந்தை இதுவே என்பது மரபு. மதங்க முனிவரின் சாபத்துக்கு அஞ்சி வாலி நுழையாத மலை இது. உச்சியில் வீரபத்திரர் கோயில் இருக்கிறது. படிகள் சில இடங்களில் செங்குத்தாகவும் உடைந்தும் இருப்பதால் டார்ச் விளக்கோடு, துணையோடு மட்டுமே ஏற வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது அச்சுதராயர் கோயிலும் அதன் நீண்ட கடைத்தெருவும் வரைபடத்தில் கோடு போட்டதுபோலத் தெரியும். முதல் நாள் முற்றத்தில் பார்த்த மாதிரி ஊர் இப்போது உண்மை அளவில் கண்முன் இருக்கும். மலையேற முடியாதவர்கள் நேரே விருபாட்சர் கோயிலுக்குச் செல்லலாம்.

விருபாட்சர் கோயில் தலைநகரத்துக்கு முந்தியது, தலைநகரம் அழிந்த பின்னும் வழிபாடு தொடர்வது. அதனால் இதைக் காட்சிப்பொருளாக அல்லாமல் கோயிலாகவே நினைத்துச் செல்ல வேண்டும். கிழக்குக் கோபுரம் ஒன்பது நிலைகளோடு சுமார் 50 மீட்டர் உயரம் கொண்டது. ரங்க மண்டபத்தைக் கிருஷ்ணதேவராயர் 1510-இல், தம் முடிசூட்டலையொட்டிக் கட்டுவித்தார். அதன் விதானத்தில் அரசகுருவாகப் போற்றப்படும் வித்தியாரண்யர் பல்லக்கில் செல்லும் ஊர்வலமும் அருச்சுனன் மீன் இலக்கை அடிக்கும் காட்சியும் வண்ணத்தில் உள்ளன. கழுத்து வலித்தாலும் நிமிர்ந்து பாருங்கள். கருவறைக்குப் பின்னுள்ள இருட்டறையில், சிறு துளை வழியே வரும் ஒளியில் கோபுரம் தலைகீழாகச் சுவரில் விழுவதையும் காட்டுவார்கள். கையில் வாழைப்பழத்தை வெளிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும்.

தமிழ்நாட்டுக் கோயில்களில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு விசித்திரமான உணர்வு ஏற்படும். எல்லாம் முன்பே பார்த்ததுபோல் இருக்கும். அது மயக்கமன்று. திருவண்ணாமலையின் கிழக்கு ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்திலும் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலும் பாயும் யாளியும் குதிரையும் இந்தச் சிற்ப மரபின் கிளைகளே. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் காவியமாகப் பாடியவரும் இதே அரசர்தான். சென்னையில் இருப்பவர்கள் புறப்படும் முன் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். உதயகிரியை வென்று கிருஷ்ணதேவராயர் கொண்டுவந்து ஹம்பியின் கிருஷ்ணர் கோயிலில் எழுந்தருளச் செய்த பாலகிருஷ்ணர் சிலை இப்போது அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து இங்கே வெறுமையாக இருக்கும் கருவறையைப் பார்ப்பது தனி அனுபவம்.

கோயில் வாசலிலிருந்து ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் நீளும் கடைத்தெருவில் கிழக்கே நடந்தால் ஒற்றைக்கல் நந்தி வரும். இந்த மண்டபங்களில் குடியிருந்தவர்களும் கடை வைத்திருந்தவர்களும் 2011-இல் அப்புறப்படுத்தப்பட்டார்கள். இப்போது தெரு துப்புரவாகவும் உயிரற்றும் இருக்கிறது. தெரு முடியும் இடத்தில் இடப்புறம் திரும்பி ஆற்றங்கரைப் பாதையைப் பிடியுங்கள். விட்டலர் கோயிலுக்குச் சாலை வழியே போனால் கமலாபுரத்தைச் சுற்றிக்கொண்டு ஒன்பது, பத்துக் கிலோமீட்டர் ஆகும். இப்பாதையில் நடந்தால் இரண்டே கிலோமீட்டர். ஆட்டோ அமர்த்தியிருந்தால் ஓட்டுநரை விட்டலர் கோயில் வண்டி நிறுத்துமிடத்தில் வந்து காத்திருக்கச் சொல்லிவிடலாம். அவர் தயங்குவார், நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். சக்கரதீர்த்தத்துக் கோதண்டராமர் கோயில், சுக்ரீவன் குகை, அரசர் எடைக்கு எடை பொன் தானம் அளித்ததாகச் சொல்லப்படும் துலாபாரக் கல்வளைவு ஆகியவை வழியிலேயே வருகின்றன. ஆற்றில் இறங்கிக் குளிக்க மட்டும் ஆசைப்படாதீர்கள். சுழலும் முதலையும் உண்டு.

விட்டலர் கோயிலின் கல்தேரை 50 ரூபாய்த் தாளில் பார்த்துப் பார்த்துப் பழகியிருப்போம். நேரில் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். அது தேரே அன்று, பெருமாளுக்கு எதிரே கருடனுக்குக் கட்டிய சன்னதி. அதன் மேல் செங்கல் விமானம் ஒன்று இருந்தது, 1856-இல் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தில் அதைக் காணலாம். இப்போது முன்னால் நிற்கும் யானைகள் பின்னாளில் கொண்டுவந்து வைக்கப்பட்டவை, அவற்றுக்குப் பின்னே முதலில் இருந்த குதிரைகளின் கால்களும் வாலும் எஞ்சியுள்ளன. மண்டபத்தின் இசைத்தூண்களைத் தட்டுவதற்குத் தடை உள்ளது. யாரேனும் காவலருக்குத் தெரியாமல் தட்டிக்காட்டுகிறேன் என்று காசு கேட்டால் மறுத்துவிடுங்கள். கோயிலிலிருந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் அளவு பேட்டரி வண்டி ஓடுகிறது.

உணவுக்கும் ஓய்வுக்கும் பின், மாலை நான்கு மணியளவில் கிருஷ்ணர் கோயிலில் தொடங்கி வடக்கு நோக்கி வாருங்கள். 6.7 மீட்டர் உயரமுள்ள நரசிம்மர் 1528-இல் ஒரே பாறையில் வடிக்கப்பட்டவர். உக்கிர நரசிம்மர் என்று இப்போது சொன்னாலும் உண்மையில் இவர் இலட்சுமி நரசிம்மர். மடியில் இருந்த தேவி உடைந்துபோக, அவர் முதுகை அணைத்த கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. பின்பக்கம் சென்று பார்த்தால்தான் அது தெரியும். பக்கத்திலேயே படவிலிங்கம் என்னும் பெரிய சிவலிங்கம் கால்வாய் நீரில் நிற்கிறது. அங்கிருந்து சசிவெகாலு, கடலெகாலு என்று கன்னடத்தில் கடுகையும் கடலையையும் சேர்த்து அழைக்கும் இரண்டு பிள்ளையார்களையும் வணங்கிவிட்டு ஹேமகூட மலையில் ஏறிவிடலாம். சரிவான வெறும் பாறைதான், முதியவர்களும் மெதுவாக ஏறலாம். மேலே விஜயநகரத்துக்கு முந்திய சிறு கற்கோயில்கள் படிப்படியான கூரைகளோடு நிற்கின்றன. அவற்றைச் சமணக் கோயில்கள் என்று பலர் தவறாகச் சொல்வார்கள். சூரியன் இறங்கும்போது விருபாட்சர் கோபுரத்தின் மீது விழும் ஒளியைப் பார்த்துவிட்டு, அன்றிரவே ஹொசபேட்டையில் ரயிலேறலாம்.

கூடுதலாக அரை நாள் இருந்தால்

ஆற்றைக் கடந்து ஆனெகுந்திக்குச் செல்லுங்கள். தலைநகரம் தென்கரையில் எழுவதற்கு முன்பே இருந்த கோட்டையூர் அது. அனுமன் பிறந்ததாக நம்பப்படும் அஞ்சனாத்திரி மலைக்கு 575 படிகள், வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். தலாரிகட்டிலிருந்து படகில் கடக்கலாம். வண்டியோடு செல்பவர்கள் புக்கசாகரம் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். கையில் சில்லறையும் போதிய ரொக்கமும், சுடுகல்லில் நடக்கப் பழைய காலுறை ஒரு சோடியும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் படகு நேரத்தோடு நின்றுவிடும் என்பதால், கரையில் இறங்கியதுமே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகோட்டியிடம் கேட்டுவிட்டு ஊருக்குள் நடங்கள்.